ராத்திரி தூக்கம் வருதாம்மா?

எங்க அண்ணி பால்வாடி டீச்சர். கவர்மெண்ட் பேப்பர்ல அங்கன்வாடி பணியாளர்னு போட்டிருக்கும், ஆனா கடலூர் பக்கம் எந்த குப்பத்துக்கு வேணா போய் அங்கன்வாடி எங்கன்னு கேட்டுப் பாருங்க, ஒரு நிமிஷம் முழிப்பாங்க, பால்வாடின்னு சொன்னா உடனே கை காட்டிடுவாங்க. நான் டவுன்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன், சனிக்கிழமை அரை நாள் லீவு, அந்த அரை நாள்ல அண்ணியோட ரிஜிஸ்டரை சரி பண்ணிக் கொடுக்கப் போய்தான் இந்தக் கதைக்குள்ள மாட்டினேன்.

ரிஜிஸ்டர்னா ஒண்ணு ரெண்டு இல்ல. குழந்தை வருகைக்கு ஒண்ணு, எடைக்கு ஒண்ணு, சத்துமாவு பாக்கெட்டுக்கு ஒண்ணு, முட்டைக்கு தனியா, இது போதாதுன்னு செல்போன்ல போஷன் ட்ராக்கர் ஆப். அதே குழந்தையோட எடையை நர்ஸம்மா அவங்க நோட்டுல தனியா எழுதுவாங்க, அம்மா கையில இருக்கிற அட்டையிலயும் எழுதணும். ஒரு கைக்குழந்தை எத்தனை கிலோன்னு நாலு இடத்துல பதிவு இருக்கு. அந்தக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தவ நேத்து சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு எழுத ஒரு கட்டம்கூட எதுலயும் இல்ல.

அன்னைக்கு நடந்ததை சொல்றேன். எடை போடுற நாள். தொங்குற தராசுல துணியை மாட்டி குழந்தையை உள்ள வைப்பாங்க, எந்தக் குழந்தையா இருந்தாலும் காலை உதைச்சு ஊரைக் கூட்டும், அம்மாக்காரி உடனே "தோ தோ, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்"னு கையை ஆட்டுவா. எல்லாரும் அப்படித்தான். ஒரு பொண்ணு மட்டும் அப்படி இல்ல. இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். குழந்தை கத்துது, அவ சுவத்துல மாட்டியிருக்கிற காய்கறி படத்தைப் பாத்துட்டு நிக்கிறா. முகத்துல கோவமும் இல்ல, சலிப்பும் இல்ல, ஒண்ணுமே இல்ல, வீட்டைப் பூட்டிட்டு போன மாதிரி இருந்துச்சு. ஏழு மாசக் குழந்தை, முள் 5.8ல நிக்குது. போன மாசமும் அதே 5.8. அண்ணி கைச்சுற்றளவு டேப்பை மாட்டினாங்க, மஞ்சள்ல நின்னுச்சு. அந்த டேப்ல பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழ போனா சிவப்பு, பன்னிரண்டரைக்கு மேல பச்சை, நடுவுல மஞ்சள். வழக்கமா அண்ணி இந்த இடத்துல சத்துமாவு எப்படி கிண்டணும், முட்டை எப்படி மசிச்சு கொடுக்கணும்னு ஆரம்பிப்பாங்க. அன்னைக்கு டேப்பை சுருட்டி வச்சுட்டு, தராசுல இருந்து குழந்தையை எடுத்து தன் தோள்ல போட்டுக்கிட்டு, மெதுவா கேட்டாங்க.

"ராத்திரி தூக்கம் வருதாம்மா?"

அந்தப் பொண்ணு பதில் சொல்லல. கண்ணுல தண்ணி வந்துச்சு, அதைத் துடைக்கக்கூட கை வரல.

எனக்கு அந்த இடத்துல நிக்க முடியல, வெளிய வந்துட்டேன். ஏன்னா அதே கேள்வியை அதே அண்ணி என்கிட்டயும் ஒரு நாள் கேட்டாங்க. எனக்குப் பையன் பொறந்தது 2015 அக்டோபர்ல. நவம்பர்ல கடலூர் என்ன ஆச்சுன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம், ஒரு மழை நிக்கிறதுக்குள்ள அடுத்த மழை, பச்சக் குழந்தையோட ஸ்கூல் கட்டடத்துல பத்து நாள், ஈரத் துணி காயாம நாத்தம் புடிச்சு, பால் சரியா இறங்காம. அப்புறம் வீட்டுக்கு வந்தும் எனக்கு எதுவும் சரியாகல. அழுகைகூட கிடையாது, வெறுமை. குழந்தை அழும், நான் கேட்டுட்டு படுத்திருப்பேன். அம்மா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாங்க, ஒரு ஆஸ்பத்திரில பால் பத்தலம்மா பவுடர் கொடுன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க, மாமியார் வீட்டுல "நாங்கல்லாம் பெத்து வளக்கலையா"ன்னு ஆரம்பிச்சாங்க. ஆறு மாசம். பிரசவத்துக்கு அப்புறம் முதல் ரெண்டு வாரம் மனசு ஏறி இறங்குறது சகஜம், தானா போயிடும், அதுக்கு மேலயும் இழுத்துதுன்னா அது நோய், வைத்தியம் பாக்கணும்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த ஆறு மாசம் எனக்கும் என் புள்ளைக்கும் மிச்சமாயிருக்கும். வளரும் நாடுகள்ல பிள்ளை பெத்த பொண்ணுங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு இந்த மாதிரி ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அதாவது பால்வாடி எடை போடுற நாள்ல வரிசையில இருபது பேர் நின்னா அதுல நாலு பேர். இது எனக்குத் தெரிஞ்சது பின்னாடிதான், அப்போ நான் மட்டும்தான் உலகத்துலயே கெட்ட அம்மான்னு நினைச்சிட்டு இருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

இப்போ நாங்க ஒரு ஏழெட்டு பேர் மாசத்துக்கு ஒரு தடவை பால்வாடி திண்ணையில உக்காருறோம். இதுக்கு பேரெல்லாம் கிடையாது, பேர் வச்சா பேனர் அடிக்கணும், பேனர் அடிச்சா யார் போட்டோ பெருசுன்னு சண்டை வரும். அண்ணி, பால்வாடி ஆயா, நர்ஸம்மா, மகளிர் குழு லீடர் ரெண்டு பேர், ரிட்டையர் ஆன ஒரு வாத்தியார், ஊர் பஞ்சாயத்துல இருந்து ஒருத்தர், நோட்டு எழுத நான். மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து ஒரு கவுன்சிலர் மேடம் முடிஞ்சப்போ வருவாங்க. ஆரம்பிச்சது ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம். 2024 நவம்பர் கடைசியில புதுச்சேரி கிட்ட கரையைக் கடந்து, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து இந்தப் பக்கம் பல இடம் முழுகுச்சே, அப்போ முகாம்ல இருந்த சின்னப் பசங்க சில பேர் வீட்டுக்கு வந்த பிறகும் மழை சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டாங்க, பாதி பசங்க திரும்ப படுக்கையில ஒண்ணுக்கு போக ஆரம்பிச்சாங்க, அம்மாமாருங்க அண்ணிகிட்ட வந்து புலம்பினாங்க. எங்க ஊருக்கு இது புதுசு இல்ல. சுனாமி, 2011 டிசம்பர்ல 'தானே' புயல், 2015 வெள்ளம், அப்புறம் இது. சில வருஷத்துக்கு ஒரு தடவை குழந்தைங்க ஒரு செட் பயந்து வளருது.

சுனாமி அப்போ எனக்கு பதினாறு வயசு. மாவட்டத்துல அறுநூறு பேருக்கு மேல போயிட்டாங்க, எங்க தெருவுலயே ஏழு பேர். அப்போ வந்த உதவிக்கு குறையே சொல்ல முடியாது, வேன் வேனா வந்தாங்க. அதுல பாதி பேர் எங்களை உக்கார வச்சு கலர் பென்சில் கொடுத்து படம் வரையச் சொன்னாங்க. திங்கக்கிழமை ஒரு டீம், புதன்கிழமை இன்னொரு டீம், ரெண்டு பேருக்கும் அலையை வரைஞ்சு கொடுத்தோம், நீலக் கலர் முதல்ல தீரும். ரெண்டு வருஷத்துல எல்லாரும் போயிட்டாங்க. ஆனா அப்போ பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில இருந்து வந்தவங்க செஞ்ச ஒரு வேலை மட்டும் நின்னுச்சு, ஊர்ல இருக்கிறவங்களுக்கே பயிற்சி கொடுத்தாங்க, வாத்தியாருங்க, பால்வாடி டீச்சருங்க, இளவட்டப் பசங்க. பக்கத்துல உக்காந்து கேளு, அழ விடு, அட்வைஸ் பண்ணாத, ராத்திரி தூக்கம் எப்படின்னு கேளு. எங்க அண்ணி அப்போ அண்ணி ஆகல, வேற குப்பத்துல ஆயா வேலைக்கு சேர்ந்த புதுசு. அந்தக் கேள்வி அங்க இருந்து வந்ததுதான். பயிற்சி நோட்டை தொலைச்சுட்டாங்க, கேள்வியைத் தொலைக்கல.

நாங்க முதல்ல செஞ்சது தப்பு, அதையும் எழுதணும். "மனநல விழிப்புணர்வு முகாம்"னு பெருசா ஃப்ளெக்ஸ் அடிச்சு, சாமியானா போட்டு, மைக் செட், டாக்டருக்கு சால்வை. வந்தது பஞ்சாயத்தார், குழு லீடருங்க, பிஸ்கட்டுக்கு வந்த பசங்க. எவ வருவா சொல்லுங்க? மனநலம்னு எழுதின பந்தல்ல போய் உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா "அவளுக்கு மறை கழண்டுடுச்சாம்"னு ஆயிடும், நாத்தனார் கல்யாணம் வரைக்கும் பேசுவாங்க. அந்த ஃப்ளெக்ஸை இப்போ ஆயா விறகுக்கு மேல போட்டு மூடி வச்சிருக்காங்க, அதுதான் அதோட உண்மையான பயன்.

அப்புறம்தான் அண்ணி சொன்னாங்க, தனியா ஒண்ணும் நடத்த வேணாம், எப்படியும் அவளுங்க புள்ளைக்கு எடை போட வருவாளுங்க, ஊசி போட வருவாளுங்க, சத்துமாவு வாங்க வருவாளுங்க, அங்கயே கேப்போம். அவ்வளவுதான் எங்க திட்டம். அதுக்கு மேல பெரிய ஐடியா ஒண்ணும் இல்ல. எடை போடுறப்போ தூக்கத்தைக் கேக்குறது, அதுக்கு அப்புறம் ரெண்டே கேள்வி: இந்த ரெண்டு வாரமா மனசு ரொம்ப சோர்ந்து இருக்கா, முன்னாடி பிடிச்ச எதுலயும் இப்போ நாட்டமே இல்லாம இருக்கா. ரெண்டுல ஒண்ணுக்கு ஆமான்னா நர்ஸம்மா தனியா உக்காந்து பேசுவாங்க, எடின்பரோ கேள்வித்தாள்னு பத்து கேள்வி இருக்கு, பிள்ளை பெத்தவங்களுக்குன்னே 1987ல உருவாக்கினது, அதை வச்சு பாப்பாங்க, தேவைப்பட்டா கவுன்சிலர் மேடம், அதுக்கும் மேலன்னா பெரியாஸ்பத்திரி மனநல டாக்டர். பஸ்ல தனியா போக பயப்படுற பொண்ணுங்களுக்கு குழு லீடர் ஒருத்தங்க கூடப் போவாங்க. இந்தக் கூடப் போறது இருக்கு பாருங்க, பாதி வேலையை மாத்திரை இல்ல, இதுதான் செய்யுது. ராத்திரியில யார்கிட்டயாவது பேசியே ஆகணும்னா 14416, டெலிமானஸ்னு கவர்மெண்ட் மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பால்வாடி கதவுக்கு உள்பக்கம் பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கோம், வெளிப்பக்கம் ஒட்டினா நின்னு குறிச்சுக்க யாரும் துணிய மாட்டாங்க.

நம்பர் ஒட்டுறதுக்கே பஞ்சாயத்துல ஒருத்தர், "இதெல்லாம் ஒட்டினா நம்ம ஊர்ல தற்கொலை ஜாஸ்தின்னு நினைப்பாங்க"ன்னார். நினைக்கட்டும் சார். 2022 தேசிய குற்ற ஆவண கணக்குப்படி நாட்டு சராசரி லட்சம் பேருக்கு 12.4, இங்க இருந்து பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல இருக்கிற புதுச்சேரியில 29.7. மறைச்சு வச்சு யாருக்கு என்ன லாபம்.

ஏன் அம்மா மனசைப் போய் பால்வாடியில பாக்கணும், அது குழந்தைங்க இடமாச்சேன்னு வாத்தியார் சார் ஒரு தடவை கேட்டாரு. நியாயமான கேள்வி. அதுக்கு கவுன்சிலர் மேடம் ஒரு பழைய பரிசோதனையைச் சொன்னாங்க. 1970கள்ல அமெரிக்காவுல எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு மனோதத்துவக்காரர், அம்மாவை குழந்தை எதிர்ல உக்கார வச்சு, நல்லா கொஞ்சி விளையாட விட்டுட்டு, திடீர்னு ஒரு ரெண்டு மூணு நிமிஷம் முகத்தை அசைக்காம கல்லு மாதிரி வைக்கச் சொன்னாரு. குழந்தை முதல்ல சிரிச்சுப் பாக்கும், கையை நீட்டும், கத்திப் பாக்கும், எதுக்கும் பதில் வரலன்னா முகத்தைத் திருப்பிக்கும், உடம்பே சுருங்கிடும். ரெண்டு மூணு நிமிஷத்துக்கே இப்படின்னா ஆறு மாசம் அந்த முகம் அப்படியே இருந்தா? குழந்தை வளர்றது ஷட்டில் ஆடுற மாதிரி, அது ஒண்ணு அடிக்கும், நாம திருப்பி அடிக்கணும், அது "ங்க்கா"ன்னா நாம "என்னடி ங்க்கா"ன்னு கேக்கணும், அப்போதான் மூளைக்குள்ள கம்பி கம்பியா இணைப்பு ஓடுது, முதல் மூணு வருஷத்துல அது ஓடுற வேகம் அப்புறம் வர்றதே இல்ல. மனசு சோர்ந்து போன அம்மா சோம்பேறி இல்ல, அவ கையில மட்டை இல்ல, அவ்வளவுதான். அதைக் கேட்டப்போ எனக்கு என் பையனோட முதல் ஆறு மாசம் ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுது. மேடம் அதைக் கவனிச்சு, பின்னாடி சரியானா குழந்தைங்க நல்லாவே புடிச்சுக்கும், பயப்படாதீங்கன்னு தனியா சொன்னாங்க. பையன் இப்போ வாய் ஓயாம பேசுறான், அது வேற கதை.

இன்னொன்னு, அங்கன்வாடிங்களை நடத்துற ஐசிடிஎஸ்ங்கிற குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆரம்பிச்சது 1975 அக்டோபர் 2, நாட்டுல மொத்தம் 33 ஒன்றியத்துல. அதோட நோக்கம்னு எழுதினதுலயே குழந்தையோட மன, உடல், சமூக வளர்ச்சிக்கு அஸ்திவாரம் போடணும்னு இருக்கு. மனசுதான் முதல் வார்த்தை. எம்ஜிஆர் 1982ல சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தாரு, அதுக்கப்புறம் முட்டை வந்துச்சு, நல்லது, அதுல வளர்ந்தவ நான். ஆனா எப்படியோ ஐம்பது வருஷத்துல மனசுங்கிற வார்த்தை மட்டும் சோத்துக்கு அடியில போயிடுச்சு.

மந்திரிக்கிற தாத்தா ஒருத்தர் இருக்காரு எங்க பக்கம். வேப்பிலை, விபூதி, தாயத்து. அவரை எதிர்க்கணும்னு குழுவுல ரெண்டு பேர் ஒத்தக் கால்ல நின்னாங்க. எனக்கும் அவர் மேல கோவம்தான், 2015ல என்னைப் பாத்து காத்து கருப்புன்னு சொன்னவரு. ஆனா நர்ஸம்மா விவரமானவங்க. ஏர்வாடி தர்காவுல பிரார்த்தனையும் நடக்குது, பக்கத்துலயே மனநல டாக்டரும் பாக்குறாங்க, நாம ஏன் சண்டை போடணும்னு நேரா அவர் வீட்டுக்குப் போய் டீ குடிச்சாங்க. இப்போ அவர் தாயத்து கட்டிட்டு, "சாமி பாத்துக்கும், நீ நாளைக்கு நர்ஸம்மாவைப் போய் பாரு, அதையும் சாமிதான் சொல்லுது"ங்கிறாரு. மூணு பேரை அவர்தான் அனுப்பினாரு. எனக்கு முழுசா ஒப்பலதான், ஆனா மூணு பேர் மூணு பேர்தானே.

ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வேயில பாட்டிமாருங்களை வச்சு இதே மாதிரி செய்றாங்கன்னு மேடம் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வெளிய ஒரு மர பெஞ்ச், அதுல பயிற்சி வாங்கின பாட்டி உக்காந்திருப்பாங்க, டிக்ஸன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர் 2006ல ஆரம்பிச்சது. அவங்க ஊர் பாஷையில மனச்சோர்வுக்கு உள்ள வார்த்தைக்கு அர்த்தம் "ரொம்ப யோசிக்கிறது"ன்னாம். ஆயா உடனே, "நம்மளும் அதானே சொல்லுவோம், ஒரே யோசனையா கிடக்குறான்னு"ன்னாங்க. மனச்சோர்வுன்னு கேட்டா எங்க ஊர்ல ஒருத்தரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. யோசனை ஜாஸ்தியா இருக்கான்னு கேட்டா அரை மணி நேரம் பேசுவாங்க. அன்னையில இருந்து ரெண்டு கேள்வியையும் அப்படித்தான் கேக்குறோம்.

சறுக்கினதும் உண்டு. குழுவுல ஒருத்தங்க தண்ணி குழாயில நின்னு யாரோ ஒருத்தி மாத்திரை சாப்பிடுறதை உளறிட்டாங்க. கெட்ட எண்ணமே கிடையாது, "பாவம் அந்தப் பொண்ணு"ன்னுதான் ஆரம்பிச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு மூணு மாசம் பால்வாடி பக்கமே வரல, குழந்தையையும் அனுப்பல. அண்ணி தினம் போய் வாசல்ல நின்னு திரும்பி வந்தாங்க. அதுல இருந்து என் நோட்டுல பேர் எழுதுறது இல்ல, நம்பரும் இல்ல, எடை கட்டத்து ஓரத்துல பென்சில்ல ஒரு புள்ளி. புள்ளின்னா என்னன்னு தெரிஞ்சவங்க மூணு பேர். உளறினவங்களை குழுவுல இருந்து எடுக்கச் சொன்னாங்க, அண்ணி ஒத்துக்கல, அவங்களே போய் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டாங்க. நானா இருந்தா எடுத்திருப்பேன்.

முதல்ல சொன்னேனே, 5.8 கிலோ குழந்தையோட அம்மா. அவ மாமியார் மீன் ஏலத்துக்கு விடிகாலை மூணு மணிக்கு துறைமுகம் போயிடுவாங்க, புருஷன் கடலுக்கு, வீட்டுல அவளும் குழந்தையும் மட்டும். மாமியார் கெட்டவங்க இல்ல, வேலைக்காரி மாதிரி உழைக்கிறவங்க, ஆனா அவங்களுக்கு இது நோய்னு புரியல, "சும்மா படுத்தே கிடக்கா"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நர்ஸம்மா போய், "அம்மா, உங்க மருமவளுக்கு காய்ச்சல் வந்தா எழுந்து மீன் கழுவுன்னு சொல்லுவீங்களா"ன்னு கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தாங்க. ஆயா தினம் பத்து மணிக்கு போய் குழந்தையை பால்வாடிக்கு தூக்கிட்டு வந்துடுவாங்க, ரூல்ஸ்படி ரெண்டு வயசு ஆகணும், யாரும் எங்களைக் காட்டிக் கொடுத்துடாதீங்க. அந்த ரெண்டு மணி நேரம் அவ தூங்குவா. மருந்து ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேலதான் வித்தியாசம் தெரிஞ்சுது. நாலாவது மாசம் எடை போடுறப்போ குழந்தை தராசுல கத்துச்சு, அவ "அய்ய, என்னாத்துக்கு இந்த ஆட்டம்"னு சொல்லி அதோட காலைப் புடிச்சா. 7.2. நான் நோட்டுல நம்பரை எழுதாம அவ கையையே பாத்துட்டு நின்னேன், அண்ணி ரெண்டு தடவை "எழுது பாப்பா"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

போகும்போது அவ வாசல்ல நின்னு, "டீச்சர், நீங்க தூங்குறீங்களா?"ன்னு கேட்டா. அண்ணி சிரிச்சிட்டு போடின்னாங்க. உண்மையில அண்ணி ராத்திரி பதினோரு மணிக்கு மேல சிக்னல் கிடைக்கிறப்போ ஆப்ல ஏத்திட்டு இருப்பாங்க, காலையில அஞ்சுக்கு எழுந்துக்கணும். அதை நான் அடுத்த கூட்டத்துல போட்டுக் கொடுத்தேன். இப்போ மாசக் கூட்டத்துல முதல் அரை மணி நேரம் ரிஜிஸ்டர் கிடையாது, பஜ்ஜியும் டீயும், நர்ஸம்மா அவங்க மேலதிகாரியைத் திட்டுவாங்க, ஆயா மருமவளைத் திட்டுவாங்க, வாத்தியார் சார் பென்ஷன் ஆபீஸைத் திட்டுவாரு.

அப்பாமாருங்கதான் பெரிய தலைவலி. கடலுக்குப் போறவங்களை எப்போ புடிக்கிறது? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆளுங்க வீட்டுல. பணம் இல்லாத காலம், டாஸ்மாக் போற காலம், வீட்டுக்கு வீடு சண்டையும் அப்போதான். அந்த 61 நாளை வேற மாதிரி பயன்படுத்திப் பாக்கலாம்னு வாத்தியார் சார் யோசனை. போன தடைக்காலத்துல வலை சரி பண்ணுற இடத்துக்கே குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனோம், பாடம் கீடம் ஒண்ணும் கிடையாது, உங்க புள்ளையோட பத்து நிமிஷம் விளையாடுங்கன்னு மட்டும். பாதி பேர் சிரிச்சிட்டு எழுந்து போயிட்டாங்க. நாலு பேர் உக்காந்தாங்க.

அதுல ஒருத்தர், நல்ல ஆஜானுபாகு, நூல் இழுத்து இழுத்து விரலெல்லாம் வெட்டு. ரெண்டு வயசுப் பொண்ணு. என்ன பண்றதுன்னே தெரியாம உக்காந்திருந்தாரு, அப்புறம் அதோட கையை விரிச்சு வச்சு பருப்பு கடைய ஆரம்பிச்சாரு. பருப்பு கடைஞ்சு, சோறு பிசைஞ்சு, அம்மாவுக்கு கொஞ்சம், தாத்தாவுக்கு கொஞ்சம்னு ஒவ்வொரு விரலா மடக்கிட்டு வந்து நடுவுல முழிச்சிட்டாரு, அடுத்து யாருக்குன்னு மறந்துபோச்சு. குழந்தை விரலை நீட்டிக்கிட்டே காத்திருக்கு. அவரு என்னைப் பாத்தாரு, எனக்கும் சட்டுனு வரல. பின்னாடி கருவாடு காய வச்சிட்டிருந்த அவங்க அம்மா திரும்பிக்கூடப் பாக்காம, "உனக்குத்தான்டா, அப்பாவுக்கு"ன்னாங்க.